அஞ்சு போட்டுக்கோ தம்பி: வாழ்க்கைத் திருப்தி என்றால் என்ன, அதற்கும் காசுக்கும் என்ன உறவு

மார்ச் 20 சர்வதேச மகிழ்ச்சி தினம். அதை ஒட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்று வெளிவரும், மறுநாள் காலை கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடையில் பேப்பர் கைமாறும், பின்லாந்து மறுபடியும் முதலிடம் என்று ஒருவர் சத்தமாக வாசிப்பார். 2018 தொடங்கி 2025 வரை எட்டு முறையும் அந்த நாடுதான் முதலிடம், அதனால் அதில் செய்தி ஒன்றும் இல்லை. இந்தியா 2025-ல் 147 நாடுகளில் 118. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். "வருஷத்துல பாதி நாள் வெயிலே பாக்காதவன் நம்மள விட சந்தோஷமா இருக்கானாம்" என்று ஒரு கட்சி. "காசு இருக்கு, அதனால இருக்கான்" என்று எதிர்க்கட்சி. மூன்றாவதாக ஒருவர் எப்போதும் இருப்பார், பெரும்பாலும் பென்ஷன் வாங்குகிறவர், "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மூன்று பேரும் மூன்று வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள், ஆனால் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த எரிச்சலில்தான். எனக்கு இதில் கொஞ்சம் சொந்த அனுபவமும் உண்டு. 2024 கோடையில் ஒரு கல்லூரி ஆய்வுக்காகப் பண்ருட்டி, காடாம்புலியூர், கடலூர் முதுநகர் பக்கமெல்லாம் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். "ரேஷன் கார்டா தம்பி?" என்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. இல்லை என்று சொன்ன பிறகும் மோர் கொடுத்தவர்கள் பலர்.

அன்றைய சாம்பாரா, அந்த மெஸ்ஸா?

மாதக் கணக்கு வைத்து மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். இன்றைக்கு சாம்பார் எப்படி என்று கேட்டால் "உப்பு தூக்கல்" என்பீர்கள். மெஸ் எப்படி, அடுத்த மாதமும் கணக்கைத் தொடரலாமா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். விலை, சுத்தம், பக்கத்து மெஸ்ஸில் என்ன போடுகிறார்கள், ராத்திரி ஒன்பதரைக்குப் போனாலும் நாலு இட்லி எடுத்து வைத்திருக்கும் அந்த அம்மா, எல்லாம் அந்தக் கணக்கில் வரும். முதல் கேள்விக்கு நாக்கு பதில் சொல்கிறது, இரண்டாவதற்கு நீங்கள் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறீர்கள்.

வாழ்க்கைத் திருப்தி என்பது இந்த இரண்டாவது வகை. தன் வாழ்க்கையை மொத்தமாக எடுத்துவைத்து, அது எப்படிப் போகிறது என்று ஒருவர் தானே போடும் மதிப்பெண். நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, கோபம் வந்ததா என்பதெல்லாம் அன்றாட மனநிலை, அது தனி. இரண்டும் ஒன்றோடொன்று உரசும், ஆனால் ஒன்றில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் தாயிடம் நேற்றைய நாள் எப்படி என்று கேளுங்கள், தூக்கமில்லை என்பாள். வாழ்க்கை எப்படி என்று கேட்டால் ஒருவேளை எட்டு போடுவாள்.

அந்த மதிப்பெண்ணை வாங்க ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது ஓர் ஏணி. அமெரிக்க ஆய்வாளர் ஹாட்லி கான்ட்ரில் 1965-ல் வெளியிட்ட ஆய்வில் வந்தது. பத்துப் படி உள்ள ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், உச்சிப் படி உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, பூஜ்யம் மிக மோசமான வாழ்க்கை, இப்போது எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்? இவ்வளவுதான் கேள்வி. உச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் சொல்வதில்லை. அதை நீங்களே முடிவு செய்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பாதி இதிலிருந்துதான் வரப்போகிறது.

உலக மகிழ்ச்சி அறிக்கையின் பட்டியலும் இதே ஏணிதான். கேலப் நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் கேட்கிறது, மூன்று ஆண்டு பதில்களின் சராசரியை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். வருமானம், ஆயுள், ஊழல் என்று ஆறு விஷயங்களைக் கூட்டி மார்க் போடுகிறார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், தொலைக்காட்சி விவாதத்திலும் அடித்துச் சொல்கிறார்கள். தப்பு. மார்க் மக்கள் போட்டது. அந்த ஆறும் ஒரு நாட்டின் மார்க் ஏன் மேலே, இன்னொன்று ஏன் கீழே என்று பிறகு விளக்கப் பார்க்கும்போது வருபவை. "ஊழலைக் கணக்கில் சேர்த்ததால்தான் நமக்கு மார்க் குறைந்தது" என்று யாராவது சொன்னால் அவர் அறிக்கையைப் படிக்கவில்லை.

சரி, நடைமுறையில் இந்தக் கேள்வி எப்படிப் போகும்? காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு அக்காவிடம் முதன்முதலாகக் கேட்டேன். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைப்பார்கள், அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும், அதனால் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கிலோ கணக்கில் கூலி, ஆகவே கை நிற்காது. நான் ஏணிப் படத்தை நீட்டினேன். அக்கா ஒரு கொட்டையைத் தட்டினார், பருப்பு உடையாமல் முழுசாக வந்ததா என்று பார்த்துக்கொண்டார், அப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "அஞ்சு போட்டுக்கோ தம்பி."

அந்தக் கோடையில் இதே பதிலை அதிகமாகக் கேட்டேன். நடுவில் நின்றுவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் அல்லவா? மாமியார் பக்கத்தில் நின்றால் மருமகளின் எண் ஏறும், கணவன் வெளியே கிளம்பியதும் அதே பெண் "அத மாத்திடு தம்பி" என்பாள். அதனால் ஒரு வீட்டின் ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. ஆயிரக்கணக்கில் கேட்டு, வேலை உள்ளவர்கள் ஒரு பக்கம், வேலை போனவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கும்போது இந்தத் தள்ளாட்டமெல்லாம் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிச்சம் ஒரு வடிவம் தெரியும்.

இதுவரை சொன்னது: வாழ்க்கைத் திருப்தி என்பது தன் வாழ்க்கைக்குத் தானே போடும் மார்க். இன்றைய மனநிலை வேறு. உச்சிப் படி எது என்பதை அவரவர்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆயிரம் ரூபாய் யாருக்கு எவ்வளவு?

காசு கூடினால் திருப்தி கூடுமா? கூடும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஒரே நாட்டுக்குள் பார்த்தாலும் கூடுதல் வருமானம் உள்ளவர்கள் சராசரியாக மேல் படியைச் சொல்கிறார்கள், நாடுகளை ஒப்பிட்டாலும் பணக்கார நாடுகள் மேலே நிற்கின்றன. ஆனால் எப்படிக் கூடுகிறது என்பதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

மாதம் 10,000 ரூபாயில் குடும்பம் நடத்துகிறவருக்குக் கூடுதலாக 1,000 வருகிறது என்று வையுங்கள். பாக்கிக் கடை கணக்கு தீரும், பிள்ளைக்கு டியூஷன் பீஸ் கட்டலாம். ஒரு லட்சம் வாங்குகிறவர் கணக்கில் அதே ஆயிரம் ஏறினால் மெசேஜைக்கூடப் பார்க்கமாட்டார். அவர் ஏணியில் அதே அளவு நகர அவருக்கு 10,000 வேண்டும். அதாவது முக்கியம் எத்தனை ரூபாய் என்பதில் இல்லை, எத்தனை மடங்கு என்பதில் இருக்கிறது. எட்டாயிரம் பதினாறாயிரம் ஆவதும், எண்பதாயிரம் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆவதும் ஏணியில் ஏறக்குறைய ஒரே தூரம். இதை மடக்கை உறவு என்பார்கள், பள்ளிக்கூடத்தில் லாகரிதம் அட்டவணை புரட்டினோமே அதேதான். காசின் பலன் எங்கேயோ போய் நின்றுவிடுவதில்லை, அதே தூரம் மறுபடி ஏற முன்பைவிட அதிகக் காசு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பிரபலமான பொய்யையும் சொல்லியாக வேண்டும். "வருஷம் 75,000 டாலருக்கு மேல் பணம் மகிழ்ச்சியைத் தராது, நோபல் பரிசு வாங்கியவரே நிரூபித்துவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் வராத வருஷம் கிடையாது. டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் 2010-ல் அமெரிக்கர்களின் நாலரை லட்சம் பதில்களை வைத்துச் செய்த ஆய்வு அது. அதில் அந்த அளவோடு நின்றுபோனது அன்றாட மனநிலைதான், சாம்பார் கேள்வி. ஏணிக் கேள்விக்கான பதில் அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனது என்று அதே கட்டுரையில் இருக்கிறது. பாதியை மட்டும் வெட்டி எடுத்து உலகம் முழுக்கப் பரப்பிவிட்டோம். அப்புறம் 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர் போன் செயலி வழியாக 33,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் அவ்வப்போது "இப்போது எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பார்த்தார், மனநிலையும் நிற்காமல் ஏறுகிறதே என்றார். இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொள்ளாமல் 2023-ல் சேர்ந்து உட்கார்ந்து மறுபடியும் கணக்குப் பார்த்தார்கள், எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பெரும்பாலானோருக்கு ஏறுகிறது, ஏற்கெனவே மிகவும் துன்பத்தில் இருக்கிற ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் காசு உதவவில்லை என்று வந்தது. துக்கத்தையும் மனநோயையும் சம்பளத்தால் கரைக்க முடியாது, அது நமக்குத் தெரிந்ததுதானே.

சின்னத் தொகை பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது, மாதம் 1,000. அது தேர்தல் காசா, ஓட்டுக்கா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. முந்திரி அக்காவிடம் அந்த ஆயிரம் எதற்குப் போகிறது என்று கேட்டேன். மாத்திரை, பெண்ணின் பஸ் செலவு, இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர், "யார்கிட்டயும் கேக்க வேணாம் பாரு" என்றார். காசின் அளவைச் சொல்லவில்லை, கேட்காமல் வருகிறது என்பதைச் சொன்னார். மகிழ்ச்சி அறிக்கையின் அந்த ஆறு விஷயங்களில் ஒன்று சுதந்திரம், தன் வாழ்க்கையில் என்ன செய்வது என்று தானே முடிவெடுக்க முடிகிறதா என்பது. வருமானக் கட்டத்தில் நான் எழுதிக்கொண்ட ஆயிரம் உண்மையில் இந்தக் கட்டத்திலும் பாதி விழுந்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டு மாடி

காசின் பலன் மடங்குக் கணக்கில் ஏறும் என்றால் முப்பது வருஷத்தில் நம் தெருவே மேல் படிக்குப் போயிருக்க வேண்டும். ஓட்டு வீடு மெத்தை வீடாகி, டிவிஎஸ் 50 புல்லட்டாகி, புல்லட் காராகியும்விட்டது. ஏன் அப்படித் தெரியவில்லை?

1974-ல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் இதைத்தான் கேட்டார். ஒரு சமயத்தில் பார்த்தால் பணக்காரர்கள் ஏழைகளைவிடத் திருப்தியாக இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வருமானம் ஏறியபோது சராசரி மகிழ்ச்சி கூடவே ஏறவில்லை. இதற்கு ஈஸ்டர்லின் புதிர் என்று பெயர். புதிரே கிடையாது, சரியாக அளந்தால் ஏறுகிறது என்று பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் போன்றவர்கள் 2008-ல் எதிர்வாதம் வைத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. நான் அதில் தீர்ப்பு சொல்கிற ஆள் கிடையாது, ஆனால் ஈஸ்டர்லின் காட்டிய காரணம் ஒன்று நம் தெருவில் தினமும் நடக்கிறது.

அது ஒப்பீட்டு வருமானம். உங்கள் வருமானத்தை நீங்கள் யாரோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்களோ அவர்களுடையதோடு ஒப்பிட்ட அளவு. சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கும் பையன் ஒருவன் எங்களுக்கு உறவு. ஊரில் அவன் வயசுப் பையன்களில் அவன்தான் நன்றாகச் சம்பாதிக்கிறான், ஊர்த் திருவிழாவில் அவன் நடை வேறு மாதிரி இருக்கும். அதே பையனைத் திங்கள்கிழமை காலை கம்பெனி வாசலில் பார்க்க வேண்டும். பர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு நிற அடையாள அட்டை, இவனுக்கு வேறு நிறம். ஒரே மெஷின், ஒரே ஷிப்ட், கேன்டீனில் வேறு வரிசை. நான் ஏணிக் கேள்வியை விளையாட்டுக்குக் கேட்டபோது அவன் திருப்பிக் கேட்டான்: "ஊர்லயா மாமா, கம்பெனிலயா?"

இதைவிட நல்ல விளக்கம் எந்த ஆய்விலும் நான் படித்ததில்லை. ஒரே சம்பளம், இரண்டு ஏணி. எர்ஸோ லட்மர் என்ற பொருளாதார அறிஞர் 2005-ல் அமெரிக்கத் தரவை வைத்துக் காட்டியதும் இதேதான்: தன் வருமானம் மாறாமல் இருக்க, சுற்றி வசிக்கிறவர்களின் வருமானம் அதிகமாக இருந்தால் ஒருவர் சொல்லும் திருப்தி குறைகிறது. எதிர்வீட்டில் மாடி எழும்பும்போது நம் வீட்டுச் சுவர் ஒரு அங்குலம்கூட இறங்குவதில்லை, ஆனால் ஏணியின் உச்சிப் படி மேலே போய்விடுகிறது. பொறாமை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம், அது கொஞ்சம் அநியாயம். எதிர்வீட்டு மாடிக்கு அப்புறம் கல்யாணச் சீர், பள்ளிக்கூட பீஸ், தெருவில் மனைவிலை எல்லாமே ஏறுகிறது. அங்கே சும்மா நின்றால் பின்னால் போகிறோம் என்பது பாதி நிஜமும்கூட.

ஆக, காசு ஏணியில் ஏற்றுகிறது, அக்கம்பக்கம் ஏணியை நீட்டுகிறது. இரண்டும் சேர்ந்து நடப்பதால்தான் டீக்கடையில் இரண்டு கட்சிக்கும் தங்கள் பக்கம் சாட்சி கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

பழகிப்போகிறது, ஆனால் எல்லாமும் இல்லை

புது பைக் வாங்கிய முதல் வாரம் ராத்திரி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஆறு மாதத்தில் அதன் மேல் ஈரத்துண்டு காயும். இந்தப் பழகிப்போதல் ஆய்விலும் முக்கியமான சொல்: நல்லதோ கெட்டதோ, ஒரு மாற்றம் நடந்த பிறகு திருப்தி கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்தை நோக்கித் திரும்புவது. 1978-ல் பிலிப் பிரிக்மன் குழுவினர் லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரைப் பார்த்தார்கள், மற்றவர்களைவிட அவர்கள் அப்படி ஒன்றும் கூடுதல் மகிழ்ச்சியாக இல்லை. வெறும் 22 பேர், அதனால் இதை வைத்து மாளிகை கட்டாதீர்கள், ஆனால் ஆளாளுக்குக் கட்டிவிட்டார்கள். "எல்லாத்துக்கும் மனசு பழகிக்கும்" என்ற பொன்மொழி அதைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு இன்றைக்கும் சுற்றுகிறது.

எல்லாவற்றுக்கும் பழகாது. கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பத்து வருஷமாகப் போகிறவருக்கும் அந்தக் கூட்டம் கூட்டம்தான். ஜெர்மனித் தரவை வைத்து அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே என்ற ஆய்வாளர்கள் பார்த்ததும் அதுவே, பயண நேரம் நீள நீளத் திருப்தி குறைகிறது, அதற்கு ஈடாகச் சம்பளமோ வீடோ நிரப்பிவிடும் என்று எதிர்பார்த்தால் நிரப்புவதில்லை.

இதைவிடப் பெரியது வேலை போவது.

புதுச்சேரியில் எங்கள் சின்னம்மா வீட்டுக்கு எதிரே ஒரு பெரியவர் இருந்தார். பஞ்சாலையில் வேலை, ஆலை மூடிவிட்டது. பையன் சென்னையில் நல்ல உத்தியோகம், மாதா மாதம் பணம் வந்துவிடும், சொல்லப்போனால் ஆலைச் சம்பளத்தைவிட அதிகம். அவர் காலையில் பால் வாங்கக் கிளம்புவார். கடை தெருமுனையில், போய் வர ஐந்து நிமிஷம். அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வாசலிலும் நிற்பார், நின்றால் பேசுவார் என்றும் இல்லை, பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். சின்னம்மா சன்னல் வழியே பார்த்துவிட்டு "பால் திரிஞ்சிடப் போவுது" என்பாள்.

பல வருஷம் கழித்து வேறொரு ஊரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு ஆலை ஊர். 1930 வாக்கில் ஜவுளி ஆலை மூடியது, ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய்த் தங்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள், 1933-ல் வெளியிட்டார்கள். சன்னலோரம் கடிகாரத்தோடு மறைந்து நின்று தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சமையலும் பிள்ளைகளும் எங்கேயும் போய்விடவில்லை. இதில் என்னை மிகவும் உலுக்கியது நூலகம்: கட்டணத்தை ரத்து செய்துவிட்டார்கள், எல்லோருக்கும் நாள் முழுக்க நேரம் இருந்தது, ஆனாலும் எடுத்துப் போகும் புத்தகங்களின் எண்ணிக்கை படுவேகமாகக் குறைந்தது. வேலை சம்பளத்தோடு இன்னும் சிலவற்றையும் கொடுக்கிறது என்றார் யஹோடா: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், நாலு பேரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், ஊரில் ஓர் இடம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். திருப்தி இல்லாதவர்கள்தான் வேலையை இழக்கிறார்களோ? இரண்டு விஷயம் சேர்ந்து காணப்படுவது ஒன்று, ஒன்று இன்னொன்றை உண்டாக்குவது வேறு. மழைக்காலத்தில் குடையும் தவளையும் சேர்ந்து வருகிறது, குடையா தவளையைக் கூட்டிவந்தது? இதைப் பிரித்துப் பார்க்க ஒரே ஆட்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கேட்க வேண்டும். ஜெர்மனியில் 1984 முதல் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. அதை வைத்து ரிச்சர்ட் லூகாஸ் குழுவினர் 2004-ல் பார்த்தார்கள்: வேலை போகும்போது திருப்தி விழுகிறது, மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. அதாவது தழும்பு நிற்கிறது.

இழப்பின் பக்கம் எடை கூடுதல் என்பது நாட்டளவிலும் தெரிகிறது. பொருளாதாரம் வளரும்போது திருப்தி ஏறுவதைவிட, அதே அளவு சுருங்கும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இறங்குகிறது என்று 2018-ல் யான் இமானுவேல் டி நெவ் குழு காட்டியது. நம் பக்கத்தில் இதற்கு ஆய்வே வேண்டாம். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பலா மரம் என்பது தாத்தா வைத்தால் பேரன் காலத்திலும் காய்க்கும் சமாசாரம், மறுபடி கன்று வைத்தால் நல்ல காய்ப்புக்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். காடாம்புலியூரில் ஒருவர் இரண்டு கன்றுகளைக் காட்டி, "இது எனக்கில்ல" என்றார். வருமானத்தின் அளவை மட்டும் எழுதிக்கொண்டு போனால் இது தாளில் வராது. அடுத்த வருஷமும் இருக்குமா என்கிற உறுதியும் வருமானத்தின் ஒரு பாகம்.

கூப்பிட்டால் வர ஆள்

மகிழ்ச்சி அறிக்கை சொல்லும் அந்த ஆறில் எளிமையான கேள்வி இது: உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் கைகொடுக்க உறவோ நட்போ இருக்கிறதா? ஆம், இல்லை, அவ்வளவுதான் பதில். இந்த ஒற்றைக் கேள்வி ஏணிப் பதிலோடு மிக நெருக்கமாக ஒட்டி நடக்கிறது. 2025 பட்டியலில் கோஸ்டா ரிக்கா 6-வது, மெக்சிகோ 10-வது, இரண்டும் பின்லாந்து அளவுக்குப் பணக்கார நாடுகள் கிடையாது. அங்கே குடும்பமும் நட்பும் நெருக்கமாக இருப்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அதே ஆண்டு அறிக்கை, பிறரோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் தனியாகச் சாப்பிடுகிறவர்களைவிட மேல் படியைச் சொல்கிறார்கள் என்றது.

நமக்குத்தான் சொந்தபந்தம் ஏராளமாச்சே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கல்யாணத்துக்கு 600 பேர் வருவார்கள் என்று சொன்ன வீட்டிலேயே, அவசரத்துக்கு 5,000 ரூபாய் வட்டியில்லாமல் யார் தருவார் என்று கேட்டால் நெடுநேரம் யோசித்தார்கள்.

"ஏழைதான் சார் நிம்மதியா இருக்கான்"

இப்போது டீக்கடையில் பார்த்த அந்தப் பென்ஷன் பெரியவரிடம் வருவோம். அவர் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கொல்கத்தாவில் குடிசைப் பகுதியிலும் நடைபாதையிலும் வாழ்கிறவர்கள், பாலியல் தொழிலாளர்கள் என 83 பேரிடம் கேட்டு 2001-ல் எழுதினார்கள். மொத்தமாக வாழ்க்கை எப்படி என்றால் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்தது, நாம் நினைக்கிற அளவு பாதாளத்தில் இல்லை. குடும்பம், தன் குணம் என்று தனித்தனியாகக் கேட்டால் திருப்திப் பக்கமே சாய்ந்தது.

இதைக் கேட்டதும் "பாத்தீங்களா" என்று துள்ளுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு வைத்திருக்கிறேன். 1943 வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. அமர்த்தியா சென் அதை எடுத்துக்காட்டுகிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்து விதவைகள் உண்மையிலேயே அவ்வளவு ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவீர்களா? உடம்பு சரியில்லை என்று சொல்லவே தனக்கு இடமில்லை என்று பழகிப்போனவர்கள். ஆசையையே கிடைக்கிற அளவுக்குச் சுருக்கிக்கொள்வதைத் தகவமைந்த விருப்பம் என்கிறார்கள். எதிர்வீட்டு மாடி ஏணியை மேலே நீட்டியது போல, நெடுநாள் பட்டினி அதை வெட்டிச் சின்னதாக்கிவிடும். சின்ன ஏணியில் ஐந்தாம் படி எளிதாக எட்டும்.

அதனால்தான் ஏணி மார்க்கை மட்டும் வைத்து "இவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை" என்று எந்த அரசும் கை கழுவக் கூடாது, கூலி, படிப்பு, ஆயுள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வடலூர், வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்றும் எரிகிறது. பசித்து வந்தவரிடம் போதுமென்ற மனம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, இலையைப் போடுகிறார்கள்.

முந்திரி அக்காவிடம் இரண்டாவது முறை போனபோது கேள்வியை மாற்றிக் கேட்டேன். மொத்தமாக வேண்டாம் அக்கா, தனித்தனியாகச் சொல்லுங்கள் என்றேன். பெண்ணுக்கு எத்தனை? பாலிடெக்னிக் படிக்கிறாள், "ஒம்பது." வீடு? மேலே பார்த்தார், தகர ஷீட், மழைக்கு ஒழுகும் இடத்தில் குண்டான் வைத்திருந்தது, "மூணு." அக்கம்பக்கம்? "ஏழு, இல்ல, ஆறு போடு." வேலை? இதற்கு வாயால் பதில் வரவில்லை. சாம்பல் பூசிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு விரித்துக் காட்டினார், விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. நான் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு என்னா போடுவ?" என்றார். "எல்லாத்தையும் கூட்டிப் பாரு, அஞ்சுதான் வரும். அன்னிக்கே சொன்னேன்ல?"